மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த மீட்டிங்

போன வருடம், கோடை முடிந்த சமயம். ஹைதராபாத் குஷாய்குடாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூட்டம். அது எப்போதும் மொட்டை மாடியில்தான் நடக்கும். காற்று வரும், கூடவே மிர்ச்சி பஜ்ஜியும் வரும். லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும், மேலே போகப் படிதான். எங்கள் வீடு அந்தக் கடைசி மாடியில். ஆனாலும் மூட்டு வலிக்காரியான நான் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு டி.வி. பார்ப்பேன்.

அன்று பேச்சே தரைத்தளத்துக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெண்ணைப் பற்றித்தான். சக்கர நாற்காலியில் இருப்பவர், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. வாசல் படிகளைத் தாண்ட தினமும் வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டியிருந்ததால் சாய்தளம் கேட்டிருந்தார். முன்வாசல் கிரானைட் பாழாகும், பின்பக்கம் குப்பைத்தொட்டி ஓரமாகப் போடலாம் என்பது கமிட்டியின் யோசனை.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். மொட்டை மாடிப் படிக்கட்டின் கீழே அந்தப் பெண். நாற்காலியோடு தூக்க வந்தவர்களிடம் சிரித்தபடியே “நக்கோ”, வேண்டாம் என்றார். மீட்டிங்கைக் கீழே நடத்துங்கள் என்று தெலுங்கில் கேட்டார். உங்களுக்கு நல்லதாகவே முடிவு செய்கிறோம், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றார் மேல்படியில் நின்ற கமிட்டித் தலைவர். அந்தப் பெண் நகரவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீங்க மேல போகலையா ஆன்ட்டி?”

“மூட்டு வலிம்மா. படி ஏற முடியாது.”

“அப்ப உங்களையும் விட்டுட்டுத்தானே முடிவு பண்றாங்க?”

சுருக்கென்றது. வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு நிறைமாத கர்ப்பிணி வந்தாள். இதய ஆபரேஷன் ஆன மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டில் வந்தார். வீட்டுக்காரரை போனில் கீழே கூப்பிட்டேன், மறுபேச்சில்லாமல் இறங்கினார். அவர் பின்னாலேயே இன்னும் பலர். கடைசியில் நாங்கள் லிஃப்டில் இறங்க, மைக்கும் பஜ்ஜியும் தலைவரோடு பார்க்கிங்குக்கு வந்து சேர்ந்தன.

ஸ்கூட்டர்களுக்கு நடுவே அந்தப் பெண் பேசினார். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை.

“முன்வாசல் எல்லாருக்கும்னா, எனக்கும் அதுதான். என் வழியைப் பத்திப் பேசும்போது நான் இருக்கணும்.”

எவ்வளவு தைரியம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்டெடுப்பில் என் கை முதல்முறையாக உயர்ந்தது, முன்வாசலே முடிவானது.

இப்போது அவர் யாரையும் கூப்பிடாமல் வேலைக்குப் போகிறார். எதிர்வீட்டுக் குழந்தையின் தள்ளுவண்டியும் என் காய்கறி டிராலியும் அதே சாய்தளத்தில்தான் உருள்கின்றன. இத்தனை வருடமும் என் முட்டியைத்தான் திட்டினேனே தவிர, அந்தப் படிகளை ஒருநாளும் கேள்வி கேட்கவில்லையே என்று அதில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.