எஞ்சின் நின்றபோது கேட்ட சத்தம்

இது நடந்தது. நம்பாதவர்கள் கறம்பக்குடி டாக்சி ஸ்டாண்டுக்குப் போய் அருள்தாஸிடமே கேட்டுக்கொள்ளலாம். பதில் சொல்ல மாட்டான், எழுந்து போய்விடுவான். பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சிரித்துவிட்டு டீயைக் குடிப்பான். பொய் அவனுக்கு வராது. இருபது வருஷம் வண்டி ஓட்டியும் இன்னும் வாடகை வீட்டில் கிடப்பதற்கு அதுதான் காரணம் என்று அவன் மனைவி சந்தனமேரி சொல்வாள்.

நடந்தது பட்டப்பகலில். நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்களுக்கு என்னிடம் சரக்கு இல்லை.

போன ஆடி மாதம். அருள்தாஸின் ஏழு சீட் பெட்ரோல் வண்டிக்கு ஒரு நோய் பிடித்திருந்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், ஐடிலிங் நிற்காது. எஞ்சின் குலுங்கும், மிஸ்ஸிங் அடிக்கும், பிறகு பட்டென்று ஆஃப் ஆகிவிடும். வேகத்தடையில் நிற்கும், ஆடு குறுக்கே வந்தால் நிற்கும். காலையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, சூடேறிய பிறகு சவாரிக்காரர் முன்னால் மானத்தை வாங்கும்.

மூன்று இடத்தில் காட்டினான். முதல் மெக்கானிக் பிளக் நாலையும் மாற்றினான். அடுத்தவன் அந்தப் பிளக்குகளைத் திட்டிவிட்டு இக்னிஷன் காயிலை மாற்றினான். புதுக்கோட்டையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகி, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டி, பெட்ரோல் பம்பையே கழற்றிப் போட்டார்கள். எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்கு மேல் போனது. சந்தனமேரியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. வண்டி மட்டும் அதே வேகத்தடையில் அதே மாதிரி நின்றது. ஒருத்தனாவது "எனக்குத் தெரியலைங்க" என்று சொன்னானா? அந்த வார்த்தைக்குத்தான் பில் போட முடியாதே.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஆவணியில் ஐந்து கல்யாணங்களுக்கு வண்டி பேசியிருந்தார்கள். ஐந்தும் அறந்தாங்கிப் பக்கத்து வெளிநாட்டுக்கார வீடுகள். அதில்தான் வளையல் திரும்ப வேண்டும். ஆனால் கல்யாண வண்டியில் பிணம் ஏறியிருக்கக் கூடாது. ஒரு தடவை ஏறியது தெரிந்தால் பொண்ணு மாப்பிள்ளை அதில் உட்கார மாட்டார்கள். அதே ஸ்டாண்டில் ஒரு வண்டி 'பொண வண்டி' என்று பெயர் வாங்கி, கடைசியில் பாதி விலைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவன் அவன்.

அதனால்தான் கீழவிடுதி சரவணக்குமார் போன் செய்தபோது முதலில் அதைக் கேட்டான். சரவணக்குமாரின் அப்பா சிவசாமி தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"டாக்டர் கைய விரிச்சுட்டாருண்ணே. அப்பாவ வீட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போயிரலாம்னு பாக்குறோம். வாரீங்களா?"

"மூச்சு இருக்குல்ல?"

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"இருக்குண்ணே. இழுத்துக்கிட்டு இருக்கு."

அருள்தாஸுக்குப் புரிந்தது. வெளியே செத்தவரை அந்த ஊரில் வீட்டுக்குள் எடுத்துப் போக மாட்டார்கள். எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் தெருவில் கொட்டகை போட்டுத்தான் கிடத்துவார்கள். சிவசாமி தன் காட்டு நிலத்தை விற்றுக் கட்டிய வீடு அது. மூச்சு இருக்கும்போதே வீடு சேரவேண்டும். அவர்களுக்கு வீட்டுக்காக, இவனுக்கு வண்டிக்காக.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். மதியம் ஒன்றரை மணி. பின் சீட்டுகளை மடக்கி, தலை பின்பக்கமும் கால் டிரைவர் சீட்டுப் பக்கமுமாகக் கிடத்தினார்கள். முகத்தில் மாஸ்க், மேலே துண்டு. கழுத்து வரை போர்வை. சரவணக்குமார் டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

கதவைச் சாத்தும்போது சிவசாமியின் காலை ஒதுக்கிவிட்டான் அருள்தாஸ். சில்லென்று இருந்தது. போர்வையும் ஈரமாக இருந்தது.

"ஏசி ரூம்ல கெடந்தாருண்ணே" என்றான் சரவணக்குமார், கேட்காமலேயே.

கிளம்பினார்கள். ஊர் தாண்டுவதற்குள் முதல் வேகத்தடை. எஞ்சின் குலுங்கியது... நின்றது.

அமைதி. அந்த அமைதியில் பின்னாலிருந்து கேட்டது.

கர்ர்ர்... ஒரு இழுப்பு. நீண்ட இடைவெளி. மறுபடியும்... கர்ர்ர்...

அருள்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். சந்தோஷத்தில். மூச்சு இருக்கிறது, போதும். சாவியைத் திருப்பினான், வண்டி கிளம்பியது.

கண்ணாடியில் பார்த்தான். சரவணக்குமாரின் முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த பாட்டில் நிறைய மருந்து இருந்தது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

"தம்பி, டிரிப்ஸ் எறங்கல பாரு."

"அண்ணே, நான் முன்னாடி வந்துக்கிறேன். வாந்தி வாரமாதிரி இருக்கு."

"அப்பா பக்கத்துல இருக்க வேணாமாப்பா?"

ஓடும் வண்டியிலேயே சீட்டைத் தாண்டி முன்னால் வந்து விழுந்தான். பாட்டில் அங்கேயே உருண்டது.

"எஞ்சின மட்டும் ஆஃப் பண்ணிராதீங்கண்ணே."

அவசரம் என்று நினைத்தான் அருள்தாஸ். பெற்ற அப்பன் இழுத்துக்கொண்டிருக்கும்போது மகன் வாந்திக்குப் பயந்து முன் சீட்டுக்கு வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. படித்த பிள்ளைகள் இப்படித்தான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே விரட்டினான்.

ஒரத்தநாடு கடந்தது. திருவோணத்துக்குப் பக்கத்தில் ஆட்டு மந்தை. பிரேக்கை அழுத்தினான். எஞ்சின் மறுபடியும் நின்றது.

கர்ர்ர்... கர்ர்ர்...

இந்தத் தடவை இடைவெளி குறைந்திருந்தது. சத்தமும் கூடியிருந்தது.

சரவணக்குமார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"கெளப்புங்கண்ணே... கெளப்புங்க!"

கிளம்பியது. எஞ்சின் ஓட ஓட அந்தச் சத்தம் கேட்கவில்லை. எஞ்சின் இரைச்சலில் அமுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். முகம் மூடியபடி அப்படியே கிடந்தது. போர்வை ஏறி இறங்குகிறதா என்று கண்ணாடியில் பார்த்தான். தெரியவில்லை.

கறம்பக்குடிக்கு முன்னால் தைல மரக் காடு. ரோட்டில் ஆளே இல்லை. வளைவில் எதிரே ஒரு லாரி வந்து கடந்தது. காலை எடுத்தான்.

நின்றது.

சாவியைத் திருப்பினான். பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினான்... பிடிக்கவில்லை.

மணி மூன்று ஐந்து. நல்ல வெயில். காற்றில்லை. தைல மரத்தில் ஒரு இலை ஆடவில்லை.

கர்ர்ர்...

அருள்தாஸின் கை சாவியிலேயே நின்றது.

சத்தம் பின்னாலிருந்து வரவில்லை.

தலை பின்பக்கம் கிடக்கிறது. கால்தான் இந்தப் பக்கம்.

ஆனால் சத்தம்... அவன் வலது காதுக்குப் பக்கத்தில்.

கழுத்தில் பட்டது. காற்று. சில்லென்று.

கர்ர்ர்...

திரும்பிப் பார்க்க முடியவில்லை.

சரவணக்குமார் கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் ஓடினான். நடுரோட்டில், வெயிலில், செருப்பில்லாமல் நின்று வண்டியையே பார்த்தான்.

"இயேசுவே..." என்றபடி சாவியைத் திருப்பினான் அருள்தாஸ்.

பிடித்தது.

சத்தம் நின்றது.

பையனை ஏற்றிக்கொண்டு, பிறகு எதற்கும் காலை எடுக்கவில்லை. கறம்பக்குடி கடைவீதியை ஹாரன் அடித்தே கடந்தான். கீழவிடுதி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தான். காதைக் கொடுத்துக் கேட்டான். ஒன்றும் இல்லை.

சரவணக்குமார் பின்கதவைத் திறந்து போர்வையைத் தொட்டுவிட்டுக் கத்தினான். "அப்பா போயிட்டாரு... வாசலுக்கு வந்துட்டுப் போயிட்டாரே!"

அமிர்தவல்லி, சிவசாமியின் சம்சாரம், மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் நேராக அருள்தாஸிடம் வந்தார்.

"டிரைவரே, நீங்க சொல்லுங்க. உசுரோடதான் வந்தாரா?"

"ஆமாங்க. தைல மரக் காட்டுல கூட இழுத்துக்கிட்டு இருந்துச்சு. என் காதால கேட்டேன்."

பெரியவர் தலையசைத்தார். உடலை உள்ளே தூக்கிப் போனார்கள், கூடத்தில் கிடத்தினார்கள். சரவணக்குமார் மட்டும் நகரவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு அருள்தாஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கருமாதி முடிந்து, ஒரு மாலை ஸ்டாண்டுக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். கண்ணைச் சுற்றிக் கருப்பு.

"அண்ணே... நெசமாவே கேட்டீங்களா?"

"கேட்டேன்னுதான் சொன்னேனே."

"அப்பா மொத நாள் சாயந்தரமே போயிட்டாருண்ணே. ராத்திரி பூரா ஐஸ்பெட்டியில இருந்தாரு. வார்டு பையனுக்குக் காசு கொடுத்து எடுத்தோம். ஆம்புலன்சுன்னா ஊர்ல சந்தேகப்படுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்கன்னுதான்..."

அருள்தாஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பதாயிரத்தைத் தின்ற மெக்கானிக்குகள்கூட அவனை இப்படி ஏமாற்றவில்லை. அவர்கள் காசைத்தான் எடுத்தார்கள். இவனோ அருள்தாஸின் வாயிலிருந்த உண்மையை எடுத்து, அதைப் பொய்யாக்கி ஊர் முன்னால் வைத்துவிட்டான். சட்டையைப் பிடித்தான்.

"என் வண்டியப் பொண வண்டி ஆக்கிட்டியேடா, பாவி!"

"அடிங்கண்ணே. வெளிய மட்டும் சொல்லிராதீங்க."

எப்படிச் சொல்வான்? சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு வீடு தீட்டு, இவனுக்கு ஐந்து கல்யாணமும் போச்சு. சட்டையை விட்டான்.

"சத்தத்தக் கேட்டியே. உசுரு இருக்கோன்னு ஒனக்குத் தோணல? வண்டியத் திருப்பச் சொல்லியிருக்கலாமேடா?"

"திருப்பி எங்கிட்டுண்ணே போறது?" சரவணக்குமார் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஐஸ்பெட்டிக்கா?"

அன்றிரவு அருள்தாஸ் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வண்டியை அறந்தாங்கிக்கு விரட்டினான். அங்கே சந்தோஷ்குமார் என்று ஒரு மெக்கானிக். இதுதான் கடைசி, இல்லையென்றால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது என்று முடிவு.

சந்தோஷ்குமார் வண்டியைச் சூடேறும்வரை ஓடவிட்டான். எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. குனிந்து காதைக் கொடுத்தான். எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்ன ரப்பர் குழாயை வளைத்தான். கர்ர்ர்... என்று இழுத்தது.

அருள்தாஸ் துள்ளி விழுந்தான்.

"கேட்டுச்சா? ஹோஸ் வெடிச்சிருக்கு. அது வழியா காத்த உள்ள இழுக்குது. அதான் ஐடிலிங் நிக்கல. முந்நூறு ரூபா சாமான். இதுக்கா பம்பை மாத்துனாங்க?"

அந்தச் சத்தமேதான். அதே கர்ர்ர்... அருள்தாஸுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. கர்த்தர் காப்பாற்றினார், வண்டியில் ஒன்றும் இல்லை! அங்கேயே நின்று சரவணக்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"தம்பி, பயப்படாத! நாம கேட்டது வெறும் ஹோஸு. வெடிப்பு வழியா காத்து இழுக்குற சத்தம். இந்தா, நீயே கேளு."

போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டினான். கர்ர்ர்... கர்ர்ர்... மறுமுனையில் சரவணக்குமார் தேம்பித் தேம்பி அழுதான். எத்தனை நாள் கெட்ட தூக்கமோ அந்த அழுகையில் இருந்தது.

சந்தோஷ்குமார் கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். சத்தம் உடனே அடங்கியது.

"எஞ்சின் ஓடுனாத்தாண்ணே அது காத்த இழுக்கும்" என்றான் அவன் சாதாரணமாக. "நின்னுருச்சுன்னா ஒரு சத்தமும் வராது."

போனில் அழுகை நின்றது.



"அண்ணே..." என்றான் சரவணக்குமார், மெல்ல. "நாம கேட்டப்பல்லாம் வண்டி நின்னுதானே கெடந்துச்சு?"