கஸ் டுமோலோவின் வலது கை

நுன்சியோ டுமோலோவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஆனாலும் எங்கள் தெருவுக்கு அவன் இன்றுவரை 'கஸ்ஸோட பையன்'தான். அதனால் நானும் அவன் என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் தெருமுனைக் கடை. கடை என்பது ஒரு ஜன்னல், அவ்வளவுதான். எலுமிச்சை, செர்ரி என்று இரண்டே ருசி. ஸ்பூன் கேட்பவன் வெளியூர்க்காரன். காகிதக் கோப்பையின் அடியைப் பிதுக்கிப் பிதுக்கி மேலே வருவதைச் சாப்பிட வேண்டும், அல்லது பிரெட்ஸல் என்கிற உப்பு ரொட்டி முறுக்கைக் கிள்ளித் தொட்டுக்கொள்ள வேண்டும். இதை ஊரெல்லாம் இத்தாலியன் ஐஸ் என்கிறார்கள். இங்கே பழச்சாறும் சர்க்கரையும் யந்திரத்தில் உறையவைத்த இந்த ஐஸுக்குப் பெயர் வாட்டர் ஐஸ். இந்தத் தெருவில் பாதிப்பேர் இத்தாலியர்கள், அவர்களுக்குத் தெரியாததா?

நுன்சியோ கடைக்கு மேல்மாடியில் பிறந்தான், அங்கேயே இருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை. கடை மூடியிருக்கும் குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான். மார்ச் மாதம் ஜன்னல் திறந்ததும் காலை ஐந்து மணிக்கு எலுமிச்சை பிழிய உட்கார்ந்துவிடுவான். இதுதான் அவன் வாழ்க்கை வரலாறு. ஒரு விஷயம் மட்டும் பாக்கி.

1985 ஜனவரியில் அவன் அப்பா கஸ்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் வாயும் தப்பின. வாய் தப்பியதில் தெருவில் பலருக்கு வருத்தம் இருந்திருக்கும், தெரிந்திருந்தால். வலது கை மட்டும் செத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே கஸ் மகனிடம் சொல்லிவிட்டார்:

"ஃப்ளோரிடால தம்பி வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லு. கை போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தன் வரமாட்டான். நீ உள்ள பிழி. நான் ஜன்னல்ல உக்காந்துக்கறேன்."

"எத்தனை நாளைக்குப்பா?"

"கை சரியாகற வரைக்கும்டா."

கை சரியாகவில்லை. கஸ் வலது கையை மேலாடைப் பையில் சொருகிக்கொண்டு பதினொரு கோடை ஜன்னலில் உட்கார்ந்தார். இடது கையால் கோப்பையை நீட்டினார். வயசான காலத்தில் திமிர் ஏறிவிட்டது என்று தெரு நினைத்தது. கஸ்ஸின் சுபாவத்துக்கு அது பொருத்தமாகவே இருந்ததால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பின்கட்டில் நுன்சியோ பிழிந்தான்; அங்கே எடுபிடி வேலை செய்கிறான் என்றே எல்லாரும் இருந்தார்கள். "கஸ், இன்னிக்கு லெமன் அமிர்தம்!" என்று ஜன்னலில் குரல் கேட்கும். "நன்றி, நன்றி" என்பார் கஸ். ஒவ்வொன்றும் பின்கட்டு வரைக்கும் தெளிவாகக் கேட்கும். நடுவில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் திரைதான்.

கஸ் இறந்த பிறகு நுன்சியோ ஜன்னலுக்கு வந்தான். அதே எலுமிச்சை, அதே சர்க்கரை, அதே யந்திரம், அதே கை. முதல் நாளே எதிர்வீட்டு ஃபிலோமினா கார்டரெல்லி ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். எழுபத்தாறு வயது, நாக்குக்கு மட்டும் வயசே ஆகவில்லை.

"தப்பா நினைக்காத நுன்சியோ. நீ நல்ல பையன். ஆனா இது உங்கப்பன் லெமன் இல்ல."

"அதேதான் ஃபில் அத்தை. ஒண்ணும் மாத்தல."

"அதான் சொல்றேன், அவர் கைப்பக்குவம் உனக்கு வரல. கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டாக்கூடத் தெரியுது."

கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர் சர்க்கரை குறைவு என்றார், ஒருவர் தூக்கல் என்றார். கஸ்ஸோட லெமன் கஸ்ஸோடு போச்சு என்பதில் மட்டும் ஒரே கட்சி. ஆனால் ஒருவர்கூட வாங்குவதை நிறுத்தவில்லை. இரண்டு கோடை முழுக்கக் கோப்பையைப் பிதுக்கிக்கொண்டே துக்கம் அனுஷ்டித்தார்கள்.

இப்படியே போயிருந்தால் நுன்சியோ காதில் போட்டுக்கொள்ளாமல் காலத்தை ஓட்டியிருப்பான். மூன்றாவது வருடம் தெருக்கமிட்டி சுவரைக் கேட்டது. எங்கள் ஊரில் சுவர் காலியாக இருந்தால் யாரையாவது வரைந்துவிடுவார்கள். கடையின் பக்கவாட்டுச் சுவரில் கஸ் எலுமிச்சை பிழிகிற மாதிரி இரண்டு மாடி உயரத்துக்குப் படம். அடியில் எழுத்து: 'கடைசி நல்ல லெமன்'. நுன்சியோ கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கமிட்டித் தலைவி யார் என்று கேட்கவே வேண்டாம், ஃபில் அத்தைதான்.

நுன்சியோ தாளைப் பார்த்தான். இனி சாகிறவரை அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் தன் லெமனை விற்க வேண்டும்.  அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று பதிமூன்று வருடம் வாயைக் கட்டியிருந்தவன் அன்று முதல் தடவையாகத் திறந்தான்.

"ஃபில் அத்தை, எண்பத்தஞ்சுலேர்ந்து நான்தான் பிழிஞ்சேன். அப்பாவுக்கு வலது கை விழுந்துடுச்சு."

 ஃபில் அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"செத்த மனுஷன்கிட்டயாடா பொறாமை? அதுவும் பெத்த அப்பன்கிட்ட?"

கமிட்டியில் மற்ற இரண்டு பேர் கூரையைப் பார்த்தார்கள். நுன்சியோ கையெழுத்துப் போட்டான். அன்று சாயங்காலத்துக்குள் அவன் பொறாமைக்காரன் என்ற செய்தி ஆறு தெரு தாண்டிவிட்டது. சிலர் அவனுக்காகப் பிரார்த்தனை செய்வதாக ஜன்னலில் வந்து சொல்லிவிட்டு ஆளுக்கொரு லெமன் வாங்கிப் போனார்கள்.

படம் வரைய வந்த பெண் பெயர் ஓடெட். முதல் நாளே ஸ்பூன் கேட்டாள், அதனால் அவளிடம் யாரும் அதிகம் பேசவில்லை. முகம் வரைந்து முடித்தாள், தொப்பி முடித்தாள். கைக்கு வந்ததும் மாட்டிக்கொண்டாள். தெருவே கொண்டுவந்து கொட்டிய நாற்பது போட்டோவும் கஸ் ஜன்னலில் உட்கார ஆரம்பித்த பிறகு எடுத்தவை; எல்லாவற்றிலும் அவர் வலது கை பைக்குள் இருந்தது.

"உங்க கையைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று நுன்சியோவைக் கேட்டாள். "அப்பா கை, மகன் கை. பெருசா வித்தியாசம் இருக்காது."

நுன்சியோ மூன்று காலை அவளுக்காக உட்கார்ந்து பிழிந்தான். அவன் வலது ஆள்காட்டி விரலின் நுனியை எண்பத்தொன்பதில் ஐஸ் யந்திரம் தின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்ததால் தெருவுக்கே தெரியும். ஓடெட் வெளியூர்க்காரி, யார் விரல் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பார்த்ததை அப்படியே வரைந்தாள். நுன்சியோ சாரத்தின் கீழே நின்று அதைப் பார்த்தான். சொல்லத்தான் நினைத்தான். சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து திரையை விலக்கினார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்தார், தெரு கைதட்டியது. ஃபில் அத்தை மட்டும் கைதட்டலை நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள்.

"இதென்ன விரலு? கஸ்ஸுக்கு பத்தும் முழுசா இருந்துச்சே!"

"அந்தக் கை ஒரு போட்டோலயும் இல்லைங்க," என்றாள் ஓடெட். "அதான் இவரைப் பார்த்து வரைஞ்சேன்."

"ஒண்ணுல கூடவா இல்ல?"

"நாப்பதுலயும் பைக்குள்ளதான் இருக்கு."

 கஸ்ஸின் வலது கையைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று ஆளாளுக்கு யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஃபில் அத்தை அந்த இரண்டு மாடி உயர விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்து ஜன்னலுக்கு வந்தாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

"உங்கப்பனுக்காக எத்தனை வருஷம் பிழிஞ்ச?"

"பதினொண்ணு, அத்தை."

"எங்க ரோஸாலி கல்யாணத்துக்கு மூணு வாளி லெமன் வந்துச்சே?"

"நான்தான்."

ஃபில் அத்தை ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர்... தொண்ணூத்திரெண்டு ஆகஸ்ட்ல, ஆஸ்பத்திரில. தண்ணிகூட இறங்கல. லெமன் மட்டும் கேட்டார். அதான் அவர் கடைசியாச் சாப்பிட்டது."

"தெரியும். நான் கொஞ்சம் மெல்லிசா அரைச்சுக் குடுத்தேன். தொண்டைல இறங்கணும்னு."

"அந்த வாரம் நான் இதே ஜன்னல்ல வந்து உங்கப்பன் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்தேன். இடது கையை நீட்டினான், பாவி. நன்றின்னு வேற சொன்னான்!"

"கேட்டுச்சு அத்தை. உள்ளதான் இருந்தேன்."

ஃபில் அத்தை ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் வலது கையைப் பிடித்து இழுத்தாள். கழுவாத கை, சாறு சொட்டியது. நுனி போன விரலோடு சேர்த்துக் கெட்டியாக முத்தமிட்டாள். முடித்ததும் முகம் சுருங்கியது.

"புளிக்குது," என்றாள்.

"லெமன் அத்தை."

"தெரியும்டா. ஒரு கோப்பை குடு."

கொடுத்தான். கூட்டம் அவள் வாயையே பார்த்தது. அவள் அடியைப் பிதுக்கி ஒரு வாய் சாப்பிட்டாள், இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"அதேதான்," என்றாள். "அதே லெமன்தான்."

நுன்சியோ ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனான். அழுதான். பதிமூன்று வருட அழுகை, ஒரு நிமிஷத்தில் முடியவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜன்னலுக்கு முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.