வெயிலுக்கு விட்ட வெள்ளை

சின்னம்மா படம் வரையப் போகும்போதெல்லாம் துணைக்கு என்னை அனுப்புவார்கள். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை தனியே போகக் கூடாது என்பது வீட்டு விதி. எட்டு வயதுச் சிறுமி கூடப்போய் எதைத் தடுப்பாள் என்பதற்கு விதியில் விளக்கம் இல்லை. பிற்காலத்தில் அரச கந்தோரில் நான் அமுல்படுத்திய விதிகளில் பாதி இந்த இனம்தான்.

அப்படிப் போன ஒரு நாளுக்கு மறுநாள் அவருக்கு நுண்கலைக் கல்லூரிக்கான நேர்முகத் தேர்வு. நேரில் பார்த்து வரைந்த நீர்வண்ணப் படம் ஒன்று கொண்டுபோக வேண்டும். கையில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு தடித்த தாள். அதை முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்து, ஓரங்களைக் கோதுமைமாப் பசையால் பலகையில் ஒட்டிக் காயவிட்டிருந்தார். இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுருண்டு பழுதான தாள்கள்தான் சொல்லிக்கொடுத்தன.

விடியவே பாதையில் ஏறினோம். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். படுவான்கரையில் இறங்கி, கிழக்கே எங்கள் கரையைப் பார்த்தபடி சின்னம்மா அமர்ந்தார். காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. அந்தக் கூச்சத்துக்காகத்தான் அவர் வந்திருந்தார். எல்லாம் வரைந்து, தண்ணீரும் கரையும் கூச்சத்தில் மறைந்த நடுவில் மட்டும் தாளை வெறுமையாக விட்டார்.

"வெள்ளைப் பெயின்ற் முடிஞ்சுதா சின்னம்மா?"

"வெயிலுக்குப் பெயின்ற் பூசுறதில்ல மகள். தாள அப்படியே விடுற. ஒருக்காப் பூசினா அந்த வெள்ள திரும்பி வராது."

திரும்பி வந்து இறங்கிய துறையில் இராணுவக் காவலரண் இருந்தது. அதிகாரி பலகையை வாங்கினார். முகாம்களைப் புகைப்படம் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. கையால் வரைவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை; பிறகு நான் தேடிப் படித்திருக்கிறேன். அன்று துறைக்கு விதி வந்திருக்கவில்லை. அதிகாரி மட்டும்தான் வந்திருந்தார்.

"இது மெப்?" என்றார், வரைபடம் என்ற அர்த்தத்தில்.

பாதைக்காரர் குறுக்கே வந்தார். "மெப் இல்ல சேர், படம். இந்தப் பிள்ளைக்கு ஒழுங்காச் சோறாக்கவே தெரியா, மெப் எங்க கீறப் போகுது!"

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் விரல் வெள்ளையில் போய் நின்றது.

"இங்க எங்கட கேம்ப். ஏன் வெள்ளை?"

"அது வெயில் சேர்."

"கேம்ப்ல மட்டும் வெயில்?"

வரைந்திருந்தால் ஏன் வரைந்தாய் என்பார்கள். விட்டிருந்தால் ஏன் மறைத்தாய் என்பார்கள். இரண்டு வழியிலும் குற்றம் பூர்த்தியாகும்படி அமைந்த, மிகச் சிக்கனமான நடைமுறை.

"சின்னப் பிள்ளை வீட்டுக்குப் போ," என்றார் என்னிடம். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, "நீ நில்லு. விசாரணை."

சின்னம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. அக்கரையில் சனம் பாதைக்குக் கூப்பாடு போட்டது. பாதைக்காரர் கயிற்றை அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார். "என்ஜின் பிடிக்குதில்ல!" என்று கத்தினார். என்ஜினை அவர் தொடக்கூட இல்லை. சரியான சோம்பேறி என்று நினைத்தேன்.

"சேர், நான் இப்பவே பூசிக் காட்டுறன்," என்றார் சின்னம்மா.

மணலில் அமர்ந்து, போத்தலில் மிஞ்சிய கலங்கல் தண்ணீரில் தூரிகையை நனைத்து, சாம்பல் நிறத்தை வெள்ளையின் மேல் இழுத்தார். படத்தில் வெயில் அணைந்தது. வெள்ளையில் ஒரு பொட்டும் மிச்சமில்லை என்று உறுதியாகும்வரை அதிகாரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹரி," என்றார் சிங்களத்தில், சரி என்பதற்கு. "போ."

நாங்கள் பத்தடி நடப்பதற்குள் என்ஜின் பிடித்துக்கொண்டது.

வளைவு தாண்டியதும் சின்னம்மா குந்தியிருந்து, ஈரக் கைலேஞ்சியால் சாம்பலை ஒற்றி ஒற்றி எடுத்தார். பாதி போனது. மீதி தாளில் ஊறிவிட்டது.

"நல்ல படம், பழுதாப் போச்சு," என்றேன்.

"கதையாம நட." படம் தெரியாதபடி பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார்.

மறுநாள் தேர்வாளர்கள் அந்தச் சாம்பலைத்தான் மெச்சினார்களாம். மழைமுகிலின் நிழல் இயல்பாக வந்திருக்கிறதாம். சின்னம்மாவுக்கு இடம் கிடைத்தது. பிறகு கண்காட்சிகளும் வைத்தார். துறையில் மறித்த அந்த நாளிலிருந்து, எந்தப் படத்தைத் தொடங்கினாலும் முதலில் தாள் முழுவதும் மெல்லிய நிறமொன்றைப் பூசிவிடுவார். ஒரு விரல்நுனி அளவுகூட வெள்ளை விடமாட்டார். கல்லூரியில் படிப்பித்த புது முறை அது, சின்னம்மா நன்றாக முன்னேறிவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.