சோக் கம்பி கையைச் சுட்ட நாள்

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அது. கணவர் கப்பல் வேலைக்குப் போய் ஒன்பது மாதமாகியிருந்தது. அவர் விட்டுப்போன பழைய பிக்கப்பை நான்தான் ஓட்டினேன். விடியற்காலையில் எங்கள் வெங்காயத்தையும் அயலவர்களின் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சரவணையிலிருந்து புறப்பட்டு, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் சந்தைக்குப் போவேன். பக்கத்தில் மச்சாள் இருப்பாள். கணவரின் தங்கை, கலியாணமாகாதவள், என்னோடுதான் இருந்தாள். சேலையோடு பிக்கப் ஓட்டுகிறவளைப் பார்க்க சந்திகளில் ஆட்கள் நிற்பார்கள். பார்க்கட்டும் என்று கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டே ஓட்டினேன்.

அந்த மாரிக்குப் பிறகு வண்டிக்கு ஒரு வருத்தம் வந்தது. திறப்பைத் திருகினால் எஞ்சின் உடனே பற்றாது. எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்ராட்டர் மோட்டர் மெல்ல மெல்ல, சாகப்போகிறதைப் போல இழுத்து இழுத்துச் சுற்றும். எட்டாம் பத்தாம் தடவையில்தான் பற்றும். வீட்டில் நின்றால் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிக் கிளப்பலாம். ஒரு தரம் அது திருப்பி அடித்து என் மணிக்கட்டு ஒரு கிழமை வீங்கிக் கிடந்தது. ஆனால் யாழ்ப்பாணக் கோட்டையடியில் அதற்கும் வழியில்லை. பாலம் கடந்ததும் ஆமியின் சோதனை. எஞ்சினை நிற்பாட்டி இறங்க வேண்டும். அந்த இடத்தில் இரும்புக் கம்பியொன்றைக் கையில் தூக்க எவருக்குத் துணிவு வரும்?

ஒருநாள் சோதனை முடிந்து ஏறித் திறப்பைத் திருகினேன். வழக்கம்போல இழுத்தது. பின்னால் பஸ்ஸும் லொறிகளும் நின்றன. ஒரு சிப்பாய் ஏதோ கத்திக்கொண்டு வந்து துவக்கின் அடிப்பக்கத்தால் எஞ்சின் மூடியான பொனற்றில் அடித்தான். இறங்கித் தள்ளச் சொல்லிக் கை காட்டினான். மச்சாள் கதவைத் திறக்கப் போனாள். அவளின் கையைப் பிடித்தேன்.

"இறங்காதை. இரு."

மறுபடியும் திருகினேன். அவன் மறுபடியும் அடித்தான். ஆறாம் தடவையில் பற்றியது. சந்தை வரைக்கும் கியரை முரட்டுத்தனமாகத் தள்ளித் தள்ளி ஓட்டினேன். கோபம் என்று மச்சாளுக்குச் சொன்னேன். அது பாதி உண்மை.

பட்டணத்தில் ஒரு கராச்சில் காட்டினேன். பற்றறி செத்துப்போச்சு என்றார் மெக்கானிக். பக்கத்து வளவுக்காரரின் உழவு மெசினில் இருந்த பற்றறியை இரவல் வாங்கிப் பூட்டிப் பார்த்தேன். அதே இழுவை. திரும்பவும் கொண்டுபோனேன். ஸ்ராட்டரைக் கழற்றி, உள்ளே தேய்ந்த காபன் கட்டைகளை மாற்றித் தந்தார். அதே இழுவை. மூன்றாம் முறை போனபோது அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை.

"எஞ்சின் இறுகிப்போச்சு அக்கா. பழசு. வித்துப்போடுங்கோ."

"இறுகின எஞ்சினை நான் ஹாண்டிலாலை ஒரு கையாலை சுத்துறன். அது எப்பிடி?"

அவர் சிரித்தார். "பொம்பிளையளுக்கு இதுகள் விளங்காது அக்கா."

அவரின் கையிலிருந்த திறப்பைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். இழுத்து இழுத்துத்தான் வண்டி வீடு வந்து சேர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரின் தமையன், நாங்கள் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், வேலணையிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் வாகனம் வாங்கி விற்பவர். நான் விற்கப்போகிறேன் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளும்," என்றார் பெரியத்தான். "ஆமிக்கு முன்னாலை நிண்டு மல்லுக்கட்டிற நிலைமை எங்கடை குடும்பத்துப் பொம்பிளைக்கு வேண்டாம். ஊர்ச்சனம் என்னைத்தான் கேக்குது. இதைக் குடுத்துப்போட்டு வீட்டிலை இரும்."

"பாக்க வந்தவர் பாத்திட்டுப் போகட்டும். விக்கிறன் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார் வந்தவர். நான் ஏறி, சோக்கை இழுத்தேன். அது தானாக உள்ளே போய்விடும் என்பதால் கம்பியை விரல்களால் பிடித்துக்கொண்டே திறப்பைத் திருகினேன். இழுத்தது. "இன்னும் சுத்துங்கோ, இன்னும்," என்றார் அவர். சுற்றிக்கொண்டே இருந்தேன். திடீரென்று விரல் சுள்ளென்று சுட்டது. கையை உதறினேன். பெயின்ற் எரிகிற மணம் வந்தது.

அப்படியே இருந்து யோசித்தேன். சோக் என்பது மின்சாரம் போகிற வயர் இல்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கிற மூடியைக் கையால் இழுக்கும் வெறும் இரும்புக் கம்பி. அதற்கு ஏன் சூடு வருகிறது? பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: மின்சாரம் போனால் திரும்பி வர வழி வேண்டும். பற்றறியிலிருந்து தடித்த வயரால் ஸ்ராட்டருக்குப் போகிறது, சரி. திரும்பி வருவது எதனால்? எஞ்சின் மின்சாரம் விடாத றப்பர் கட்டைகளின் மேல் இருக்கிறது, பற்றறியின் மற்ற முனையோ வண்டியின் சட்டத்தில் பூட்டியிருக்கிறது. சட்டத்தோடு எஞ்சினை இணைக்கிற ஏதோ ஒன்று அறுந்திருக்க வேண்டும். வழி இல்லாத மின்சாரம் இந்த மெல்லிய கம்பிக்குள்ளால் நெருக்கிக்கொண்டு வருகிறது. அதுதான் சூடு. அதுதான் இழுவை.

மச்சாளைக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் சேலையைச் செருகுவதற்குள் அவள் உரப்பை ஒன்றை நிலத்தில் விரித்து வண்டிக்குக் கீழே போய்விட்டாள்.

"அண்ணி, பின்னல் மாதிரி ஒரு செப்பு வார் கிடக்கு. பச்சை பூத்துப்போச்சு. தொட உதிருது."

கடற்காற்று தின்றிருந்தது. நாலைந்து இழைகள்தான் மிச்சம்.

"எழும்பி வாடி வெளியிலை!" என்று பெரியத்தான் கத்தினார். "பொம்பிளைப்பிள்ளை வாகனத்துக்குக் கீழை கிடக்கிறதோ?"

"பொறுங்கோ அண்ணை," என்றாள் அவள் கீழே இருந்தபடி. "அந்த ஸ்பனரை எடுத்துத் தாங்கோ."

அவர் அசையவில்லை. வாகனம் வாங்க வந்தவர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

உழவு மெசின்காரரிடம் பழைய பற்றறி வயர் ஒரு துண்டு கிடந்தது. அதை வாங்கி வந்தேன். சட்டத்திலும் எஞ்சினிலும் வயர் பொருந்தும் இடங்களை சொரசொரப்பான உப்புத்தாளால் இரும்பு மினுங்கும் வரை தேய்த்தோம். பூட்டி இறுக்கினோம். ஏறித் திறப்பைத் திருகினேன். ஒரே திருகலில் பற்றியது. மச்சாள் முகமெல்லாம் எண்ணெயோடு துள்ளினாள்.

வந்தவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "இப்ப எண்டால் நான் நல்ல விலைக்கு எடுக்கிறன் அக்கா."

"இப்ப எண்டால் நான் ஏன் விக்கிறன்?"

பெரியத்தான் விடைபெறாமலே போனார்.

மறுநாள் கோட்டையடியில் சோதனை முடிந்து ஏறினோம். அடித்த சிப்பாய் இல்லை, வேறொருவன் நின்றான். எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. திறப்பைத் தொட்டதும் எஞ்சின் பற்றியது. அவன் கை காட்ட முன்னமே நகர்ந்துவிட்டேன்.

அந்தக் கிழமையே மச்சாளுக்கு ஓட்டப் பழக்கத் தொடங்கினேன். முதலில் வயல்வெளிப் பாதை, பிறகு றோட்டு. பின்னேரம் ஒருநாள் அவளே வேலணைச் சந்தி வரைக்கும் ஓட்டினாள். கடையடியில் நின்ற பெரியத்தான் கண்டுவிட்டார். றோட்டுக்கு இறங்கி, தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"அண்ணை கூப்பிடுறார்," என்றேன்.

"கேக்குது," என்றாள் மச்சாள். "கியரை மாத்தட்டோ?"

"மாத்து," என்றேன்.