நூற்றைம்பதாவது கோடு

ரஹமத்துன்னிசா முப்பத்தைந்து வருஷமாகப் பீடி சுற்றுகிறவள். எங்கள் பீடித் தொழிலாளர் சங்கத்தின் எல்லா ஊர்வலத்துக்கும் வந்திருக்கிறாள். கோஷம் மட்டும் போடமாட்டாள். முன்பு போட்டாள். மகள் மெஹ்விஷ் பத்து வயதில் காய்ச்சலில் செத்த பிறகு நிறுத்திவிட்டாள்.

மெஹ்விஷ் போனது சித்ரா பௌர்ணமி அன்று. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை மறித்திருந்தார்கள். ஜனாஸாவைச் சந்து சந்தாகத் தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளையின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. எடுத்த ஒரே படத்திலும் அசைந்துவிட்டாள், முகம் புகையாக இருக்கிறது. துணிமணியைச் சொந்தக்காரர்கள் வாங்கிப் போய்விட்டார்கள்.

போன தை மாதம் வீட்டு ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டார்கள். கொத்தனார் மணிவேல் ஓட்டிடுக்கிலிருந்து ஒரு பால்பல்லை எடுத்துக் கொடுத்தார். விழுந்த பல்லை ஓட்டின்மேல் எறிவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ரஹமத்துன்னிசா இரண்டு பிள்ளைகளின் பல்லையும் அந்த ஒரே ஓட்டில்தான் எறிந்தாள். கிடைத்ததோ ஒன்று. அதை மெஹ்விஷின் பல் என்று அவளே முடிவு செய்து, சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மகன் ரபீக்குக்கு இருபத்திரண்டு வயது. பைக் மெக்கானிக். அக்கா போனபோது கைக்குழந்தை.

"அது எம்பல்லும்மா."

"உன்னுது இல்ல."

"எப்படித் தெரியும்?"

"தெரியும், போடா."

"எம்பல்லுன்னா தூக்கிக் கடாசிடுவ. இல்ல?"

அவள் சுருக்குப் பையை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகினாள். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

பங்குனியில் பீடிப் பெண்களுக்கு வாய்ப் பரிசோதனை வைத்தோம். வந்த டாக்டர் தேவிப்ரியா பால்பற்களை ஆராய்கிறவர். பல் உருவாகும்போது தினமும் ஒரு மெல்லிய கோடு விழுமாம். பிறந்த அன்றைக்கு அழுத்தமாக ஒன்று. குழந்தை ரொம்ப நோவுபட்டால் அதற்கும் அழுத்தமாக ஒன்று. மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் எத்தனையாவது நாள் என்று தெரிந்துவிடும் என்றார்.

ரஹமத்துன்னிசா பையை அவிழ்த்தாள். "எம்பொண்ணு நாப்பது நாள் குழந்தையா இருந்தப்ப எட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. அது இதுல இருக்குமா, டாக்டரம்மா?"

"இருக்கணும். கோரைப்பல்லு இது, பத்து வயசு வாக்குல விழறது. ஆனா அறுத்துத்தான் பாக்கணும்மா."

"அறுத்துட்டு மிச்சத்தக் குடுப்பீங்களா?"

"பாதி தரேன்."

அவள் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து என்னிடம் வந்தாள். "அண்ணே, தெரியாமயே வெச்சிக்கிறதா, தெரிஞ்சிக்கிறதா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? தெரிஞ்சிக்கிறது நல்லதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன்."

கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். ரபீக்கும் வந்தான், அம்மாவுக்காக இல்லை. கடைவாய்ப் பல் ஒரு வாரமாகக் குடைச்சல், பிடுங்கிவிடலாம் என்று.

தேவிப்ரியா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். சீப்புப் பற்கள்போலக் கோடு கோடாக இருந்தது.

"நாப்பதாவது நாள்ல ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா இருக்கு. இது உங்க பொண்ணோடது இல்லைன்னுதான் தோணுது."

ரஹமத்துன்னிசா தலை குனிந்துகொண்டாள். ரபீக் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். ஜெயித்தவன் முகமாக இல்லை.

"ஆனா இங்க பாருங்க, நூத்தி அம்பதாவது நாள், ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கலாம். நல்லா அழுத்தமா விழுந்திருக்கு. அப்ப ஏதோ ஆயிருக்கு."

இந்த ஊரில் யாரும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. மாதாமாதம் வாசலில் போகிற கூட்டமே பௌர்ணமியைச் சொல்லிவிடும். அவள் விரலை மடக்கினாள்.

"தீபத்தன்னிக்குப் பொறந்தான் இவன். மார்கழி, தை, மாசி, பங்குனி, சித்திரை. அஞ்சு பௌர்ணமி."

அதற்குமேல் எண்ணவில்லை. மடக்கிய விரலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவ போனதும் எனக்குப் பாலு வத்திப் போச்சு. ரெண்டு மூணு நாள் இவனத் தூக்கவே இல்ல. பேதியாகி, கண்ணு சொருகிக் கெடந்தான். பக்கத்து வூட்டுக்காரிதான் தூக்கினு ஓடினா."

ரபீக் இதுவரை கேள்விப்படாத விஷயம். தாடையைப் பிடித்தபடியே திரும்பினான்.

"அந்தக் கோடு உங்க பையன் வாயில இன்னமும் இருக்கும்மா," என்றார் தேவிப்ரியா. "ஆறு வயசுல மொளைக்குதே கடைவாய்ப் பல்லு, அதுவும் அதே சமயத்துல உள்ள உருவாகினு இருந்திருக்கும்."

"எந்தப் பல்லு?"

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லித் தொட்டுக் காட்டினார். ரபீக் துள்ளினான். "ஐயோ, அதான் வலிக்குது! அதத்தான் புடுங்கணும்!"

"வேணாண்டா," என்றாள் ரஹமத்துன்னிசா.

"வலி உயிர் போவுதும்மா."

"வேணாம். என் கண்ணு இல்ல, வேணாம்." அவன் கன்னத்தில் கையை வைத்தாள். அவனை அவள் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

பிடுங்கியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ரூட் கெனால் என்று நான்கு தடவை அலைந்தான். நான்கு தடவையும் ரஹமத்துன்னிசா பீடித் தட்டை மூடி வைத்துவிட்டு, சுருக்குப் பையில் அந்தப் பாதிப் பல்லோடு அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள்.