கமீலாவின் அழுகைக்குக் கிடைத்த விருது

முனவ்வரா ஆலங்குடாவில் இயங்கிய சிறிய சமூக வானொலியொன்றில் காலை நிகழ்ச்சி நடத்தியவர். 1990இல் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்து சேர்ந்த பிள்ளை. வளர்ந்த பிறகு ஒலிப்பதிவுக் கருவியோடு கருவாடு காயவைக்கும் வாடிகளிலும் கிணற்றடிகளிலும் திரிந்து பெண்களைப் பேசவைத்தார். வேறெவரிடமும் வாய் திறக்காதவர்கள்கூட அவரிடம் பேசினார்கள். சொல்லவேண்டாம் என்றதை அவர் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கைதான்.

பக்கத்து வீட்டுக் கமீலாவும் அப்படித்தான் பேசினார். அவருடைய கணவர் லத்தீப் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவர் புறப்பட்ட காலையில் வீட்டில் சண்டை. ‘போற இடத்திலேயே கிடந்து தொலை’ என்று தான் கத்தியதைச் சொல்லிக் கமீலா அழுதார். உடனே பதறினார்.

“இத அழிச்சிடு புள்ள. மாமிக்குத் தெரிஞ்சா என்ட முகத்தில முழிக்கமாட்டா.”

“அழிச்சிடுறன். ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.”

நிலையத்தில் ஒலித்தொகுப்புச் செய்த நௌஃபரிடம் அந்த இடத்தைக் காட்டி நீக்கச் சொன்னார். ஒலிபரப்பில் அது வரவில்லை.

அடுத்த வருடம் கொழும்பிலுள்ள ஒலிபரப்பாளர் பேரவையிலிருந்து அழைப்பு வந்தது. சிறந்த வானொலி நிகழ்ச்சிக்கான விருதுக்குக் கமீலா பேசிய நிகழ்ச்சி தெரிவாகியிருந்தது. போட்டிக்கு அனுப்பியவன் நௌஃபர். “உன்ட கதைக்குத்தான் விருது, நீயும் வா” என்று முனவ்வரா கமீலாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

விருதை அறிவிக்குமுன் நிகழ்ச்சியில் ஒரு பகுதியை ஒலிக்கவிட்டார்கள். கமீலாவின் அழுகை மண்டபம் முழுக்கக் கேட்டது. அதோடு அந்த வார்த்தைகளும். சபை எழுந்து நின்று கைதட்டியது.

கமீலா மட்டும் அசையவில்லை. “அழிச்சிடுறன் எண்டியே” என்றார்.

அதற்குள் முனவ்வராவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போய், “இதைப் போட அவ அனுமதி தரேல்ல. எனக்கு இந்த விருது வேணாம்” என்றார். பேரவைத் தலைவர் அதைத் தன்னடக்கமென்று எண்ணிச் சிரித்தபடி கேடயத்தைக் கையில் திணித்தார். அதை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தபோது கமீலாவின் கதிரை காலியாக இருந்தது.

வாசலில் நௌஃபர் நின்றான்.

“அந்தத் துண்டச் சேத்து அனுப்பாட்டி நம்மள ஆரு ராத்தா திரும்பிப் பாத்திருப்பாங்க? நிலையத்துக்காகத்தானே செஞ்சன்.”

“என்ன நம்பித்தான்டா அவள் வாயத் திறந்தவள்.”

அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டான். வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன.

முனவ்வரா விடாமல் பேசியதில், பேரவை தன் இணையத்தளத்திலிருந்து நிகழ்ச்சியை எடுத்தது, விருதையும் மீளப்பெற்றது. அதற்குள் அந்தத் துண்டு கைபேசிக்குக் கைபேசி பரவிவிட்டது. கமீலாவோடு இருந்த மாமி, லத்தீபின் உம்மா, உடுப்புகளைக் கட்டிக்கொண்டு கண்டக்குழியிலுள்ள தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

முனவ்வரா அங்கே போய்க் கெஞ்சினார். “கோவத்தில சொன்ன சொல்லு மாமி. அவள் அதுக்காக எவ்வளவு அழுதவள் தெரியுமா?”

“கேட்டன் மகள்,” என்றார் மாமி. “ஊரே கேட்டது. நல்லாத்தான் செஞ்சிருக்கிறாய்.”

முனவ்வரா நிலையத்தை விட்டு விலகினார். காலை நிகழ்ச்சியை நௌஃபர் நடத்தினான். இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவே அதுவரை வேலி இருந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பின், கமீலா ஆள் வைத்துத் தகர வேலி அடிப்பித்தார். முனவ்வரா குசினி அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். வெளியே வரவில்லை.