ஹென்றியிடம் கேட்கக் கூடாத கேள்வி

புன்னைக்காயல் ஜெஸ்லினுக்கு ஆங்கிலம் என்றால் பயமில்லை. தூத்துக்குடியில் பி.ஏ. மூன்றாம் வருடம். ப்ராஜெக்ட் என்றதும் மற்ற பிள்ளைகள் நெட்டில் கிடைத்ததை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கடலோடி ஒருவரைப் பேட்டி கண்டு எழுதுவதாகச் சொல்லிவிட்டாள். ஆளைத் தேடி அலைய வேண்டுமா என்ன? அவள் அப்பா ஹென்றி தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில்தான் குடித்தனம்.

மாலத்தீவுத் துறைமுகத்தில் நின்றவரிடம் போனிலேயே பேட்டி முடிந்தது. காற்று, நீரோட்டம், தோணிச் சமையல் என்று மனுஷர் அளந்து தள்ளினார். படித்துப் பார்த்த பேராசிரியை ஜெயஷீலா, "எல்லாம் இருக்கு. ஒரு மக முதல்ல கேக்க வேண்டியதைத்தான் காணோம்" என்றார்.

எப்படி இருக்கும்? கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்டால் வரவு தடைபடும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அப்பா இல்லாமலேயே கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நடந்தது, பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. ஜெஸ்லின் கேட்கவில்லை. ஏக்கத்தை விழுங்கி விழுங்கியே வளர்ந்துவிட்டாள்.

தோணி கரை சேர்ந்து அப்பா வீட்டுக்கு வந்த மத்தியானம், அவர் சோற்றில் மீன்குழம்பை ஊற்றும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. போகிறபோதுதானே கேட்கக் கூடாது? வந்தவரிடம் கேட்கலாமே.

"அப்பா, நீங்க எப்ப வருவீய?"

அம்மா ஹில்டா அகப்பையும் கையுமாக நின்றுவிட்டாள். "ஏளா, வாயை மூடு."

ஹென்றி சிரித்தார். "கிறுக்கா புடிச்சிருக்கு? வந்துதானளா உக்காந்திருக்கேன்."

"இல்லப்பா. நீங்க இன்னும் வரல."

சிரிப்பு நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் எடுக்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்றிருந்தது ஜெஸ்லினுக்கு. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால்?

"இதையும் அந்தப் பேட்டில எழுதுவியா?" என்று கேட்டார் அப்பா.

"எழுதணும்பா."

"எழுது. அதுக்குக் கீழ கொஞ்சம் எடம் விட்டு வையி."

அடுத்த வாரமே தோணி கிளம்பிவிட்டது. வழியனுப்பும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.

பைண்டிங் கடை அண்ணாச்சி ப்ராஜெக்டின் கடைசித் தாளைத் தூக்கிப் பிடித்தார். "ஏம்மா, கேள்வி இருக்கு, பதிலைக் காணோமே. பாதிப் பக்கம் சும்மா கெடக்கு."

"கெடக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் ஜெஸ்லின். "அப்பா வந்து எழுதுவாவ."